வினிகரும் சோடாவும் பொங்கினால் போதுமா? வீட்டிலேயே செய்யும் சுத்திகரிப்புப் பொருட்கள் பற்றிய விவாத இழை

மஞ்சள்குருவி

எங்கே தேடினாலும் கண்ணில் படுகிற 'எல்லாத்துக்கும் ஒரே கலவை' இதுதான்: ஒரு கப் வினிகர், அரை கப் சமையல் சோடா, மீதிக்குத் தண்ணீர், நாலு சொட்டு எலுமிச்சை எண்ணெய். ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அடித்தால் அடுப்பு மேடையில் பிசுக்கு அப்படியே இருக்கு. கண்ணாடியில் துடைத்தால் வெள்ளைப் படலம் வேற. இதோடு சேர்த்து இன்னொன்று: பூந்திக்கொட்டைக் கரைசல் மூணாவது நாளே புளிச்ச வாடை அடிக்குது. அளவு தப்பா, முறையே தப்பா?

வேதிவாத்தியார்

முறையே தப்பு. வினிகர் அமிலம், சமையல் சோடா காரம். இரண்டையும் ஒரே பாட்டிலில் சேர்த்தால் ஒன்றை ஒன்று தீர்த்துக் கட்டிவிடும். பொங்குவது கரியமில வாயு. அது காற்றோடு போய்விடும். மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அதற்கு எண்ணெயை எடுக்கும் சக்தியும் இல்லை, உப்புக் கறையைக் கரைக்கும் சக்தியும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 5 சதவீத வினிகர் 100 மில்லியில் சுமார் 5 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கும். அதைச் சமன் செய்ய 7 கிராம் சமையல் சோடா போதும். ஒரு கப், அதாவது 240 மில்லி வினிகருக்கு 17 கிராம். நீங்கள் போட்டது அரை கப், நூறு கிராமுக்கு மேல். வினிகர் முழுதும் செத்துப்போய், எண்பது தொண்ணூறு கிராம் சோடா சும்மா மிதக்கிறது. கண்ணாடியில் காய்ந்த வெள்ளைப் படலம் அதுதான்.

அமிலம் தனி வேலைக்கு, காரம் தனி வேலைக்கு. எண்ணெய், பிசுக்கு, வியர்வை அழுக்கு என்றால் காரம். குழாயில் படியும் உப்பு, கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு, துரு என்றால் அமிலம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குறிப்புகளைப் படிக்கும்போதே தூக்கிப் போட்டுவிடலாம்.

தராசு

வாத்தியார் சொன்னதுக்கு அளவுகள்:

பிசுக்குக்கு: 1 லிட்டர் சுடுதண்ணீர், 20 கிராம் சலவை சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் தேய்க்கும் திரவம். துணியில் நனைத்துப் பிசுக்கு மேல் பத்து நிமிஷம் போட்டு வைங்க. அப்புறம் துடைச்சிட்டு வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை துடைக்கணும், இல்லேன்னா இதுவும் படலம் விடும். கையுறை கட்டாயம். அலுமினியம், வார்னிஷ் போட்ட மரம், கம்பளி, பட்டு இதிலெல்லாம் கூடாது. அலுமினியம் கறுத்துப் போகும்.

உப்புக் கறைக்கு: 1 லிட்டர் தண்ணீர், 50 கிராம் சிட்ரிக் அமிலம். கறை மேல் நனைச்ச துணியைச் சுத்தி இருபது நிமிஷம். பளிங்கு, சுண்ணாம்புக்கல், டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட் பக்கம் போகவே கூடாது. அங்கே கறையும் கல்லும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். அமிலத்துக்கு வித்தியாசம் தெரியாது. பளபளப்பு போனா திரும்ப மெருகு போட்டாதான் உண்டு.

சலவை சோடா வாங்கும்போது பொடியா படிகமா பாருங்க. படிகத்தில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் பொடிக்குச் சமமா 270 கிராம் படிகம் வேணும். குறிப்பில் 'சலவை சோடா'ன்னு மட்டும் இருந்தா எதைச் சொல்றாங்கன்னு தெரியாது, அதனால்தான் ஒரே குறிப்பு ஒருத்தருக்கு வேலை செய்யுது, இன்னொருத்தருக்குச் செய்யல.

மேலே நான் சொன்னது பொடி.

மூன்றாம்தளம்

சலவை சோடா கிடைக்கலேன்னா சமையல் சோடாவை அடுப்பில் சுட்டு மாத்திக்கலாம்னு சொல்றாங்களே?

தராசு

ஆகும். ஓவனில் 200 டிகிரி, மெல்லிசா பரப்பி ஒரு மணி நேரம். இடையில் ரெண்டு தடவை கிளறிவிடுங்க. முடிஞ்சதான்னு கண்ணால் பார்த்துத் தெரியாது, எடை போடணும். 100 கிராம் போட்டா 63 கிராமுக்கு இறங்கணும். 75லயே நின்னா போட்டதில் மூணில் ஒரு பங்கு இன்னும் சமையல் சோடாதான். அலுமினியத் தட்டு வேண்டாம், எவர்சில்வர் அல்லது கண்ணாடித் தட்டு.

கார_அமிலம்

கெட்டிலுக்குச் சிட்ரிக் அமிலம் போடுகிறவர்களுக்கு ஒன்று. கொதிக்கக் கொதிக்க வைத்தால் சீக்கிரம் கரையும் என்று நினைப்பார்கள். படிவு தடிமனாக இருந்தால் நேர்மாறாக நடக்கும்: கால்சியம் சிட்ரேட் என்ற உப்பு உருவாகும், அது சூட்டில் கரைவது குறைவு. வெள்ளைப் பொடியாகத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரே போதும். கலங்கியதும் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்றுங்கள்.

கரைத்த சிட்ரிக் அமிலத்தை மாதக் கணக்கில் வைக்கவும் வேண்டாம். அமிலம்தானே, கெடாது என்று விட்டால் நூல் நூலாகப் பூஞ்சை மிதக்கும். பொடியாக வைத்துக்கொண்டு வேண்டியபோது கரையுங்கள்.

நுரைப்பு

அடைத்த சாக்கடைக் குழாயில் சோடாவும் வினிகரும் கொட்டுவதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். அது பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரிதான் இருக்கிறது.

வேதிவாத்தியார்

சத்தம் மட்டும்தான். முடியும் கொழுப்பும் சேர்ந்த அடைப்பை அந்த நுரை அசைக்காது. கொழுப்பு என்றால் 100 கிராம் சலவை சோடாவைக் குழாய் வாயில் போட்டு, நல்ல சூடான தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது, பிவிசி குழாய் இளகி இணைப்பு விடும். முடி என்றால் வளைந்த கம்பியால் இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடையில் வாங்கிய குழாய் அடைப்புத் திரவம் ஏற்கெனவே ஊற்றியிருந்தால் அதன் மேல் எதையும் ஊற்றாதீர்கள். இந்த இழையைப் படிக்கிற எல்லோருக்கும் பொதுவாக: பிளீச்சிங் திரவத்தோடு வினிகரோ சிட்ரிக் அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு. பிளீச்சிங் திரவம் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் வாயு. இரண்டும் நுரையீரலைத் தாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலந்தால் பெரசிட்டிக் அமிலம் உருவாகும், அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். 'இயற்கை' என்று தலைப்பில் போட்டிருப்பதால் இந்த வினைகள் நின்றுவிடாது.

மஞ்சள்குருவி

புரிஞ்சுது வாத்தியாரே. ரெண்டு பாட்டில், ரெண்டு வேலை. பூந்திக்கொட்டைக்கு வருவோமா?

நுரைப்பு

வாங்க. கொட்டை நீக்கிய தோல் 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர், இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் சிறு தீயில் அரை மணி நேரம். பெரிய பாத்திரம் எடுங்கள், பொங்கி வழியும். ஆறியதும் கையால் பிசைந்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள். தேயிலை நிறத்தில் லேசான பிசுபிசுப்போடு இருந்தால் சரி.

இதில் இருப்பது சப்போனின் என்ற இயற்கை நுரைப்பொருள். அதோடு சர்க்கரைகளும் சேர்ந்தே கரைந்து வருகின்றன, அதுதான் வம்பு. கிருமிக்கு இது விருந்துச் சாப்பாடு. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம், வெளியில் வைத்தால் ஓரிரு நாள். எளிய வழி, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வேண்டியபோது ரெண்டு கட்டி எடுத்துக்கொள்வது. மாதக் கணக்கில் தாங்கும்.

நுரையைப் பார்த்து ஏமாற வேண்டாம். நுரை வருகிறது என்பதற்காக நன்றாக அழுக்கு எடுக்கிறது என்று அர்த்தமில்லை. பூந்திக்கொட்டை மென்மையான பொருள்: பட்டு, கம்பளி, நகை, தலைமுடி இவற்றுக்குப் பொருத்தம். எண்ணெய்ச் சட்டைக் காலருக்கு இதை நம்பினால் மஞ்சள் படிந்துகொண்டே போகும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீன்களுக்கு நஞ்சு என்பதால் மீதியைக் குளத்திலோ மீன் தொட்டிப் பக்கமோ கொட்டக் கூடாது.

மூன்றாம்தளம்

வைட்டமின் ஈ எண்ணெய் நாலு சொட்டு விட்டா கெடாதுன்னு எழுதியிருக்காங்க. வேப்ப எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய்னும் சொல்றாங்க.

கார_அமிலம்

வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் பார்த்துக்கொள்ளும். அதற்கும் கிருமிக்கும் சம்பந்தமே இல்லை. நறுமண எண்ணெய்கள் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். கிருமி வளர்வது கீழே தண்ணீரில். கிருமியைத் தடுக்கும் அளவுக்கு அவற்றை ஊற்றினால் முதலில் தோல்தான் வெந்துபோகும்.

பூந்திக்கொட்டை இயல்பாகவே லேசான அமிலம் என்பதால் அதற்கு ஒரு வழி உண்டு. 1 லிட்டருக்குச் சோடியம் பென்சோவேட் 4 கிராம், பொட்டாசியம் சார்பேட் 2 கிராம். இரண்டும் கிருமித் தடுப்பான்கள். முதலில் இவற்றை நன்றாகக் கரைத்துவிட்டு, பிறகு சிட்ரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து பிஎச்சை (அமில-கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4 முதல் 4.5 வரை இறக்குங்கள். வரிசை முக்கியம். அமிலத்தை முதலில் போட்டுவிட்டு அதன் மேல் பென்சோவேட்டைக் கொட்டினால் விழுகிற இடத்திலேயே பென்சாயிக் அமிலம் வெள்ளைத் துகளாகப் பிரிந்து அடியில் தங்கும். பிஎச் 5க்கு மேலே போனால் இந்த இரண்டும் பெயருக்குத்தான். பிஎச் தாள் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

ஒரு துணைக் குறிப்பு: பென்சோவேட் உள்ள எதிலும் எலுமிச்சைச் சாறோ வைட்டமின் சியோ சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நுண்ணிய அளவில் பென்சீன் உருவாகலாம்.

இதெல்லாம் போட்டாலும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. பென்சோவேட் பூஞ்சைக்குக் கெட்டி, பாக்டீரியாவுக்குச் சுமார்.

சாம்பல்பூனை

குறுக்கே வருகிறேன். பழத்தோல் 'என்சைம்' பற்றி உங்கள் கருத்து? சர்க்கரை 1, தோல் 3, தண்ணீர் 10, மூன்று மாதம்.

கார_அமிலம்

கிடைப்பது கலங்கலான, வாசனையுள்ள, நீர்த்த வினிகர். குளியலறைத் தரைக்கு நன்றாகவே இருக்கும். அதில் என்சைம் வேலை செய்கிறது என்பதெல்லாம் மிகை, வேலையைச் செய்வது அமிலம். பளிங்குத் தரையில் வேண்டாம் என்பது இதற்கும் பொருந்தும். கிருமிநாசினி என்று நம்பிக் கழிப்பறையில் ஊற்றாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் இறுக்கி மூடினால் வெடிக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி இடம் விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள்.

மஞ்சள்குருவி

சோப்புக்கு யாராவது கணக்கு சொல்லுங்க. தேங்காய் எண்ணெய் மட்டும் வெச்சு செய்ய முடியுமா?

தராசு

முடியும், முதல் சோப்புக்கு அதுதான் சுலபம். ஆனா கப், கரண்டி எல்லாத்தையும் ஓரமா வெச்சிடுங்க. 1 கிராம் காட்டுற தராசு இல்லாம சோப்பு கிடையாது.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் எவ்வளவு காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு, எண்ணெயைச் சோப்பாக்குற கடுமையான காரம்) வேணும்னு ஒரு எண் இருக்கு. தேங்காய் எண்ணெய்க்கு 0.183. நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் 0.134 பக்கத்தில். விளக்கெண்ணெய் 0.128. ஒரு எண்ணெய்க்குப் பதில் இன்னொண்ணை அதே எடைக்கு மாத்திப் போட்டா காரம் மிஞ்சும் அல்லது எண்ணெய் மிஞ்சும்.

500 கிராம் தேங்காய் எண்ணெய் × 0.183 = 91.5 கிராம். இது எண்ணெய் முழுசும் சோப்பாகிற அளவு. பாத்திரம், துணிக்கு இதில் 2 சதவீதம் குறைச்சு 90 கிராம். உடம்புக்குன்னா 20 சதவீதம் குறைக்கணும், 73 கிராம். அந்த மிச்ச எண்ணெய்தான் சூப்பர்ஃபேட். தேங்காய் எண்ணெய் சோப்பு எண்ணெய்ப் பசையை வழிச்சு எடுக்கிற ரகம், அஞ்சு சதவீதத்தில் விட்டா தோல் வரண்டு இழுக்கும்.

தண்ணீர் 165 கிராம், காய்ச்சி வடித்தது. காஸ்டிக்கைத் தண்ணீரில் போடணும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊத்தக் கூடாது. ஊத்தினா ஒரே இடத்தில் கொதிச்சு மேலே தெறிக்கும். பாத்திரம் எவர்சில்வர் அல்லது சூடு தாங்கும் பிளாஸ்டிக். அலுமினியத்தில் ஹைட்ரஜன் வரும், பாத்திரமும் ஓட்டையாகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை வேணும், ஜன்னல் திறந்திருக்கணும். கரைசல் கடகடன்னு 80 டிகிரி தாண்டும், ஆற விடுங்க.

ரெண்டும் 40 டிகிரிக்கு வந்ததும் காரக் கரைசலை எண்ணெயில் மெதுவா ஊத்தி, கை பிளெண்டரால் அஞ்சு வினாடி ஓட்டி, பத்து வினாடி கையால் கிளறி, மறுபடி ஓட்டி. மேலே சொட்ட விட்ட கோடு மறையாம நிக்கணும், அதுதான் டிரேஸ். நறுமண எண்ணெய் 15 கிராமுக்கு மேல வேண்டாம். அச்சில் ஊத்துங்க.

தேங்காய் சோப்பை மத்த சோப்பு மாதிரி மறுநாள் வெட்டலாம்னு விட்டா அவ்வளவுதான், கத்தி பட்டதும் பாறாங்கல் மாதிரி விரிஞ்சு உடையும். அஞ்சாறு மணி நேரத்திலேயே தொட்டுப் பார்த்து, கெட்டியா ஆனா இன்னும் லேசா வெதுவெதுப்பா இருக்கும்போதே வெட்டிடுங்க. அப்புறம் காத்தோட்டமா நாலு வாரம்.

வேதிவாத்தியார்

கையில் காரம் தெறித்தால் வினிகர் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் நிறைய. வேண்டாம். ஓடும் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் காட்டுங்கள். சமன் செய்கிறேன் என்று போனால் அந்த இடத்தில் சூடு கிளம்பும், தண்ணீர் விட வேண்டிய நேரமும் வீணாகும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போகும் ஏற்பாட்டைப் பாருங்கள்.

மூன்றாம்தளம்

சோப்பு மேலே வெள்ளையா மாவு பூத்த மாதிரி வந்தா? ஆரஞ்சுப் புள்ளி வந்தா?

தராசு

வெள்ளைப் பூச்சு, காரம் காத்தோட சேர்ந்து வந்த சோடா. அழகுக் குறைதான், சுரண்டிடலாம். ஆரஞ்சுப் புள்ளி எண்ணெய் சிக்கடிச்சது, அதோட வாடையும் இருக்கும். பழைய எண்ணெய் அல்லது சூப்பர்ஃபேட் அதிகம். உள்ளே வெள்ளைத் துகள் நறுக்நறுக்குன்னு இருந்தா கரையாத காஸ்டிக்கா இருக்கலாம், அதை உடம்புக்குப் போடவே கூடாது. மேலே எண்ணெய் தனியா மிதந்தா டிரேஸ் வர்றதுக்கு முன்னாடியே ஊத்தியிருக்கீங்க.

சாம்பல்பூனை

கட்டியைத் துருவித் தண்ணீரில் கரைத்தால் திரவ சோப்பு ஆகாதா?

நுரைப்பு

சளி மாதிரி கொழகொழவென்று ஆகும், ஆறினால் கட்டும். காஸ்டிக் சோடாவில் வந்த சோப்பின் குணம் அது. திரவத்துக்குக் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு எண் 0.257. 500 கிராமுக்கு 128.5. பெரும்பாலும் பொட்டாஷ் 90 சதவீதத் தூய்மையில்தான் வரும், அதனால் 3 சதவீதம் சூப்பர்ஃபேட் கழித்து, 0.9ஆல் வகுத்தால் 138.5 கிராம். தூய்மைக் கணக்கை விட்டுவிட்டால் எண்ணெய் மிஞ்சிப் பாட்டிலில் மேலே பாலாடை மாதிரி படரும்.

இந்தச் சோப்புத் திரவத்தில் வினிகர் கலந்து 'கூடுதல் சக்தி' என்று எழுதியிருப்பார்கள். கலந்து பாருங்கள், தயிர் திரிந்த மாதிரி ஆகும். அமிலம் சோப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாகத் திருப்பிவிட்டது. இதே காரணத்தால் சோப்பின் பிஎச்சை 5.5க்குக் கொண்டுவரவும் முடியாது. சோப்பு என்றால் 9, 10தான்.

தலைக்கு இதைப் போடுகிறவர்களுக்கு உப்புத் தண்ணீரில் முடி பிசின் மாதிரி ஒட்டும். 1 லிட்டர் தண்ணீரில் 2 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து கடைசியாக அலசினால் போய்விடும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

மஞ்சள்குருவி

அக்குளுக்குச் சமையல் சோடாவும் தேங்காய் எண்ணெயும் குழைச்சுப் போட்டா சிவந்து அரிக்குதுன்னு பலர் சொல்றாங்க. அதுவும் பிஎச் சமாச்சாரமா?

கார_அமிலம்

ஆமாம். தோல் 5 பக்கம், சோடா 8க்கு மேல். போதாததற்குத் துகள் உரசவும் செய்யும். சோடாவுக்குப் பதில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு பொடி போடுங்கள். அதுவும் காரம்தான், ஆனால் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, அதனால் கடிப்பது குறைவு. தேங்காய் எண்ணெய் 35 கிராம், தேன்மெழுகு 15, சோளமாவு 35, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு 15. மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, பொடிகளைச் சலித்துப் போட்டு, கெட்டியாகத் தொடங்கும் வரை கிளறிக்கொண்டே இருந்து ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் பொடி அடியில் தங்கிவிடும். வியர்வையை இது நிறுத்தாது, வாடையை மட்டும் குறைக்கும்.

தண்ணீரே இல்லாத பண்டம் என்பதால் இதற்குக் கிருமித் தடுப்பான் வேண்டாம். ஈர விரலை விட்டு எடுத்தால் அந்தச் சலுகை போச்சு. கற்றாழைச் சாறு, பன்னீர் சேர்த்த கிரீம் என்றால் கதையே வேறு. பார்க்கப் பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே கிருமி பெருகியிருக்கும். தடுப்பான் போடத் தயாரில்லை என்றால் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் கலந்து மீதியைக் கொட்டிவிடுங்கள்.

வேதிவாத்தியார்

எலுமிச்சைச் சாறை முகத்தில் தடவி வெயிலில் போவதும் கூடாது. அதிலுள்ள ஃபியூரனோகுமரின் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கும், கொப்புளம் போய்க் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வீட்டில் செய்யும் சன்ஸ்கிரீன் பற்றியும் யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ஜிங்க் ஆக்சைடு பொடி எண்ணெயில் சீராகப் பரவியதா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. சன்ஸ்கிரீனை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாம்பல்பூனை

வெள்ளைத் துணிக் கறைக்குச் சோடியம் பெர்கார்பனேட் நன்றாக வேலை செய்கிறது. கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொள்ளலாமா?

தராசு

கூடவே கூடாது. கரைஞ்ச நிமிஷத்திலிருந்து ஆக்சிஜன் விட ஆரம்பிக்கும், மூடிய பாட்டில் உப்பி வெடிக்கும். 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கணும், பச்சைத் தண்ணீரில் வேலை மந்தம். வாய் திறந்த வாளியில் ரெண்டு மணி நேரம் ஊறவிட்டு மீதியைக் கொட்டிடுங்க. கம்பளியும் பட்டும் வாளிக்குள் போகக் கூடாது. பொடியை ஈரக் கரண்டியால் அள்ளாதீங்க, டப்பாவுக்குள்ளேயே சிதைய ஆரம்பிச்சிடும்.